மெட்ரோபோலிஸை ஒட்டவைக்கப் போய் நான் தொலைத்த பத்தொன்பது மாதங்கள்

2006 டிசம்பரில் எங்கள் ஊர் திரைப்படச் சங்கத்தில் ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தைப் போட்டோம். நூலகத்து மாடி, வாடகை புரொஜெக்டர், நாற்பது பேர். வட்டு நான் வாங்கி வந்தது. மலிவுப் பதிப்பு என்பதால் படம் வெளிறிப்போய், நடுநடுவே வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகள் பாதிக்குப் பாதி படிக்க முடியாமல் இருந்தன. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்து, “அந்த விஞ்ஞானி எதுக்குப்பா பொம்பளை உருவத்துல இயந்திரம் செஞ்சான்? தொழிலாளிக்குப் பதிலா வேலை வாங்கணும்னா அந்த உருவம் எதுக்கு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தை மூன்று முறை பார்த்தவன், ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டியவன், அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதல் காட்சி ஓடியபோது படத்தின் நீளம் 4,189 மீட்டர். கூட்டம் வரவில்லை. ஜெர்மனியிலேயே படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ கால் பங்கை வெட்டி, மறுபடி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பாரமவுண்ட் நிறுவனம் சானிங் பொல்லாக் என்ற நாடக ஆசிரியரை வைத்துப் படத்தை வேறு கதையாகவே மாற்றியிருந்தது. அதில் காணாமல் போனவள் ஹெல். முதலாளி ஃப்ரெடர்சனின் மனைவி, நாயகன் ஃப்ரெடரின் தாய், மகனைப் பெற்றபோதே இறந்தவள். அவளை முதலில் காதலித்தவன் விஞ்ஞானி ரோட்வாங். இழந்தவளைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவன் அந்த இயந்திரத்தைச் செய்தான். அவள் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல் போல இருக்கிறது, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பொல்லாக் அவளையே எடுத்துவிட்டார். ஒரு பெண்ணின் பெயரை எடுத்ததும் கதையின் காரணமே போய்விட்டது. வாத்தியார் கேட்டது சரியான கேள்வி. பதில் வெட்டுப்பட்ட சுருளோடு போயிருந்தது.

சரி, கிடைக்கிற எல்லாப் பிரதிகளையும் சேர்த்து ஒரு முழுப் படம் கட்டி, தமிழ் வசன அட்டை போட்டு, அதே மாடியில் மறுபடி காட்டுவோம் என்று முடிவெடுத்தேன். டிடிபி கடை வைத்திருப்பவன் நான். கணினி உண்டு, எழுத்துரு தெரியும், பொறுமை உண்டு. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பத்தொன்பது மாதம் ஆயிற்று. கடைக்குப் புது பிரிண்டர் வாங்கச் சீட்டுப் போட்டு எடுத்த பணத்தில் 41,000 ரூபாய் போயிற்று. யாராவது முன்பே இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பிரதிகள். 1984இல் இசையமைப்பாளர் ஜியோர்ஜியோ மொரோடர் சாயம் ஏற்றி, பாட்டுகள் சேர்த்து வெளியிட்ட வடிவம் வீடியோ கேசட்டாக இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அனுப்பிவைத்தான். நம் ஊர் விசிஆரில் போட்டால் படம் கருப்பு வெள்ளையாகி உருண்டுகொண்டே போனது. அவர்கள் ஒளிபரப்பு முறை வேறு, நம் முறை வேறு. இரண்டையும் ஓட்டும் பழைய விசிஆர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். கேசட்டைக் கணினிக்குள் இழுக்கும் அட்டை 6,500. பிறகு 2001இல் மார்ட்டின் கோர்பர் தலைமையில், ஜெர்மனியில் பழைய படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை செய்த மீட்டுருவாக்கம். அதுதான் அன்றைக்கு இருந்தவற்றில் சிறந்தது. அதன் ஐரோப்பிய வட்டு ஒன்று, அமெரிக்க வட்டு ஒன்று, இரண்டும் சேர்த்து 5,800. தபால், காலி வட்டுகள் என்று இன்னொரு 2,200. ஒரே படத்துக்கு ஏன் இரண்டு வட்டு என்று நீங்கள் கேட்கலாம். என் முதல் பெரிய தவறு அங்கேதான் நடந்தது.

ஐரோப்பிய வட்டு 118 நிமிடம். அமெரிக்க வட்டு 124 நிமிடம். ஆறு நிமிடம் கூடுதல்! அங்கே ஏதோ காட்சிகள் அதிகமாக இருக்கின்றன என்று உறுதியாக நம்பிவிட்டேன். ஆறு வாரம், தினமும் கடை அடைத்த பிறகு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு அந்த ஆறு நிமிடத்தைத் தேடினேன். ஒவ்வொரு காட்சியும் இரண்டிலும் இருந்தது. ஆனால் போகப் போக ஒன்று முந்திக்கொண்டே போனது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. கடைசியில் எங்கள் ஊர் டென்ட் கொட்டகையிலும் பிறகு தியேட்டரிலும் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடியே கேட்டுவிட்டு, “எத்தனை நிமிஷம்னு கேக்காதீங்க தம்பி. எத்தனை அடின்னு கேளுங்க. மிஷின் வேகமா ஓடினா நிமிஷம் குறையும், அடி குறையுமா?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். படச்சுருள் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஐரோப்பாவின் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25. அங்கே வட்டு தயாரிக்கும்போது பெரும்பாலும் 24ஐ 25ஆக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடத்துக்குக் கிட்டே காணாமல் போகும், காட்சி ஒன்றுகூடக் குறையாது. மிச்சம் முன்னும் பின்னும் வருகிற நிறுவனச் சின்னங்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுகிறவர்கள் தயவுசெய்து வட்டின் பின்னால் போட்டிருக்கும் நிமிடத்தை நம்பாதீர்கள். மொத்த ஃபிரேம்களை எண்ணுங்கள். அமெரிக்க வட்டு என்றால் எண்ணுவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு: 24ஐ அவர்கள் முறைக்குப் பொருத்த நடுநடுவே சில பாதி ஃபிரேம்களைத் திரும்பப் போட்டிருப்பார்கள், அவற்றை மென்பொருளில் நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். மௌனப் படங்களில் இன்னும் மோசம். அவற்றை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதிலேயே ஆளுக்கு ஒரு கருத்து. என் மலிவு வட்டு வேறொரு வேகத்தில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே பத்து நாள்.

அடுத்து நான் மாட்டிக்கொண்டது ஒட்டுவேலையில். 2001 வட்டில் சில ஷாட்டுகள் சட்டென்று முடிந்தன. மலிவு வட்டில் அதே ஷாட் ஒரு விநாடி நீளமாக இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பொருத்தினால் நீளமான பகுதியை எடுத்து ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். பொருந்தவில்லை. அளவை மாற்றினேன், கொஞ்சம் சாய்த்தேன், ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். தலை பொருந்தினால் கை விலகியது. கை பொருந்தினால் பின்னால் நிற்கும் ஆள் விலகினார். இரண்டு வாரம் கழித்து உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நடிகை வேறு மாதிரி திரும்புகிறாள். அது வேறு டேக், அதே காட்சியை இன்னொரு முறை நடிக்கவைத்து எடுத்தது.

அந்தக் காலத்தில் ஒரு நெகட்டிவிலிருந்து இன்னொரு நல்ல நெகட்டிவை நகலெடுப்பது கடினம். அதனால் பக்கத்தில் பக்கத்தில் கேமரா வைத்தும், வெவ்வேறு டேக்குகளை வைத்தும் ஒன்றுக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் தயாரித்தார்கள். மெட்ரோபோலிஸுக்கு மூன்று: உள்நாட்டுக்கு ஒன்று, பாரமவுண்டுக்கு ஒன்று, மற்ற நாடுகளுக்கு ஒன்று. ஆக, உலகத்தில் எஞ்சியிருக்கும் பிரதிகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் அல்ல. எது எந்த நெகட்டிவிலிருந்து வந்தது என்று தெரியாமல் ஒட்டினால், ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் பேசியது போல ஆகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஓர் அட்டவணை போடுங்கள். ஷாட் எண், எந்தப் பிரதி, எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை, ஏன் இதை எடுத்தேன், இந்த நான்கு கட்டம் போதும். நான் இதை எட்டாவது மாதத்தில்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன் ஒட்டிய இருபது நிமிடப் படத்தில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஹார்ட் டிஸ்க் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. 2007 செப்டம்பரில் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க் சுழலவில்லை. ஐந்து மாத வேலை அதில் இருந்தது. மீட்டுத் தருகிறேன் என்று சொன்ன ஒரு கடைக்காரர் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெயர் இல்லாத பாதிக் கோப்புகளைக் கொடுத்தார். பிறகு இரண்டு டிஸ்க் வாங்கினேன், 9,500. ஒன்று கடையில், ஒன்று தங்கை வீட்டில். அட்டவணையை மட்டும் தாளில் அச்செடுத்து வைத்தேன். அச்செடுத்த அந்தத் தாள்கள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின. அட்டவணை இருந்தால் படத்தை மறுபடி கட்டிவிடலாம். படம் மட்டும் இருந்து அட்டவணை இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது இன்னொரு குழப்பமான பிரதி.

தமிழ் அட்டைகளில் எனக்குச் சிக்கல் வராது என்று நினைத்திருந்தேன், என் தொழிலே அதுதானே. அன்றைய எடிட்டிங் மென்பொருளில் யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். ‘கொடு’ என்று எழுதினால் படிக்கவே முடியாது. கடைசியில் ஒவ்வோர் அட்டையையும் கடையில் படமாகச் செய்து உள்ளே வைத்தேன். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். தமிழில் நான் எழுதிய வாக்கியங்கள் நீளமாக இருந்தன. மக்கள் படித்து முடிக்க வேண்டுமே என்று அட்டைகளை இரண்டு விநாடி, மூன்று விநாடி நீட்டினேன். முதல் கால் மணி நேரத்திலேயே இசை படத்தை விட்டு விலகிப் போய்விட்டது. கோட்ஃப்ரீட் ஹூப்பர்ட்ஸ் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசை அது. இயந்திரம் வெடிக்கும் இடத்தில் இசையும் வெடிக்க வேண்டும். என் பிரதியில் வெடித்து முடித்து, ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது இசை வெடித்தது.

பிறகு படித்தபோது தெரிந்தது, அந்த இசைக் குறிப்பேடுதான் இந்தப் படத்தின் உயிர்நாடி என்று. எந்த இடத்தில் திரையில் என்ன நடக்கிறது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் அதில் இருக்கின்றன. மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தில் என்னோ படாலாஸ் 1980களில் படத்தைச் சேர்த்தபோதும் அதுதான் வழிகாட்டி. அதோடு ஜெர்மன் தணிக்கை அலுவலகம் வசன அட்டைகளின் வாசகங்களை வரிசையாகப் பதிந்து வைத்த ஆவணமும் துணைக்கு இருந்தது. படச்சுருள் தொலைந்தாலும் அதைச் சுற்றியிருந்த தாள்கள் தப்பியதால்தான் காட்சிகள் எந்த வரிசையில் வந்தன என்று சொல்ல முடிந்தது. நம் பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஒரு படத்தின் சுருள் முழுவதும் போய்விட்டாலும் கதைச் சுருக்கமும் பாட்டு வரிசையும் அதில் இருக்கும். அட்டைகளை என்ன செய்தேன் என்றால், நேரத்தைத் தொடவில்லை, தமிழைக் குறைத்தேன். நான்கு சொல்லில் சொல்ல முடியாததை மூன்று நாள் யோசித்து நான்கு சொல்லில் சொன்னேன். மொழிபெயர்ப்பு அதனால் நன்றாகவே ஆயிற்று.

ஹெல் பெயர் வந்தபோது கை நின்றது. தமிழில் ‘ஹெல்’ என்று எழுதினால் நம்மவர்களுக்கும் அந்த ஆங்கிலச் சொல்தான் நினைவுக்கு வரும், மாடியில் யாராவது சிரிப்பார்கள். ‘ஹேலா’ என்று மாற்றிவிடலாமா என்று யோசித்து, ஓர் அட்டைகூடச் செய்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, எண்பது வருடத்துக்கு முன் ஒருவர் செய்ததையே நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று. அந்த அட்டையை அழித்தேன். ஹெல் என்றே இருக்கட்டும்.

ஆனால் அடுத்த தவறை அழிக்கவில்லை, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2001 மீட்டுருவாக்கத்தில் கிடைக்காத காட்சிகளின் இடத்தில் என்ன நடந்தது என்று எழுத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பார்ப்பவர்கள் சலித்துப்போவார்கள் என்று தோன்றியது. புத்தகங்களில் இருந்த நிழற்படங்களை ஸ்கேன் செய்து, மெதுவாக நகர்த்தி, பழைய சுருள் போலக் கீறலும் மினுக்கலும் சேர்த்து, ஹெல்லின் கல்முகத்தை ஒரு காட்சியாகவே கட்டினேன். ஒட்டு தெரியாமல் இருக்க ஒரு மாதம் உழைத்தேன். 2008 மார்ச்சில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவன் கண் கலங்க வந்து, “அண்ணே, அந்த ஹெல் சிலை சீன்தான் படத்துலயே உசத்தி. லாங் எப்படி எடுத்திருக்கார்!” என்றான். லாங் எடுக்கவில்லை, நான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, அவனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியதை மறக்க முடியாது. காட்சி இல்லாத இடத்தில் இல்லை என்று தெரியும்படி விடுங்கள். ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியட்டும். இதை நான் பணத்தைக் கொடுத்துக் கற்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த ஜூலையில் செய்தி வந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரெஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழு மெட்ரோபோலிஸ் கிடைத்துவிட்டது. படம் வந்த புதிதில் ஒரு விநியோகஸ்தர் அங்கே கொண்டுபோன நீண்ட பிரதி, பிற்பாடு 16 மில்லிமீட்டர் அகலச் சிறிய சுருளில் நகலெடுக்கப்பட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநர் பவுலா ஃபெலிக்ஸ் டிடியரும் திரைப்பட ஆய்வாளர் ஃபெர்னாண்டோ பெஞ்ஞாவும். பெஞ்ஞாவுக்குத் துப்பு கிடைத்தது எப்படித் தெரியுமா? பல வருடத்துக்கு முன் ஒரு திரைப்படக் கழகத்துக்காரர் அந்தப் பிரதியை ஓட்டியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த படம் அவ்வளவு நீளம் கிடையாதே என்று யோசித்திருக்கிறார். ஆபரேட்டர் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. கோபம். பத்தொன்பது மாதமும் வீணாயிற்றே என்ற கோபம். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் சந்தோஷப்பட முடிந்தது, அதுவும் என் மனைவி, “அப்போ அந்தப் பொண்ணு கிடைச்சுட்டாளா?” என்று கேட்டபோது. ஆமாம், ஹெல் கிடைத்துவிட்டாள்.

2010 பிப்ரவரி 12இல் புதிய வடிவம் பெர்லினில் திரையிடப்பட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் வட்டு கைக்கு வந்தது. ரோட்வாங் வீட்டில் ஃப்ரெடர்சன் திரையை விலக்குகிறான், பெரிய கல்முகம். கீழே எழுத்து: எனக்கு இன்பமாகவும் மனிதர் எல்லோருக்கும் ஆசியாகவும் பிறந்தாள், யோ ஃப்ரெடர்சனிடம் தொலைந்தாள், அவன் மகன் ஃப்ரெடருக்கு உயிர் கொடுத்தபோது இறந்தாள். படமெங்கும் மழை பெய்வது போலக் கீறல். 35 மில்லிமீட்டர் சுருளிலிருந்து 16க்கு நகலெடுத்தபோது அழுக்கும் கீறலும் சேர்ந்தே பதிந்துவிட்டன, சட்டகத்தின் ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. கோர்பரும் மற்றவர்களும் அதை மறைக்கவில்லை. அந்த ஷாட்டுகள் வரும்போது வெட்டுப்பட்ட ஓரத்தில் கருப்பு இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லாமலே தெரியும். நான் கட்டிய காட்சி இதைவிடச் சுத்தமாக, அழகாக இருந்தது. ஆனால் ரோட்வாங் அதில் கோபப்படவில்லை. இதில் அவன் பாய்ந்து வந்து திரையை இழுத்து மூடுகிறான். ஒரு நிழற்படத்தை எத்தனை நகர்த்தினாலும் அந்தக் கோபம் வராது.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் பழையது என்பதால் எல்லாம் பொதுச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். படத்துக்கு ஒரு கணக்கு, மீட்டுருவாக்கத்துக்கு ஒரு கணக்கு, புதிதாகப் பதிவு செய்த இசைக்கு ஒரு கணக்கு, நாட்டுக்கு நாடு மாறும். வேலையைத் தொடங்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். நான் கடைசியில் கேட்டேன். அதனால் நான் ஒட்டிய பிரதி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. 2011இல் நாங்கள் மாடியில் போட்டது 2010 வடிவத்தை, அனுமதியோடு, பக்கத்தில் என் தமிழ் வரிகளைத் தனியாகச் சுவரில் காட்டி. பத்தொன்பது மாத உழைப்பில் நேராகப் பயன்பட்டது அந்த வரிகள்தான். கணக்கு வாத்தியார் வந்திருந்தார். ஹெல் காட்சி முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, சரி என்பது போலக் கையை உயர்த்தினார்.

ரோட்வாங்கும் ஃப்ரெடர்சனும் கைகலக்கும் காட்சி இன்னும் கிடைக்கவில்லை. அங்கே எழுத்து அட்டைதான் வருகிறது. என் அட்டவணையில் அந்த வரியில் ஷாட் எண் எழுதியிருக்கிறேன், என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன், ‘எந்தப் பிரதி’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.